சங்கு கிழித்துக் கொடுத்த கேட் பாஸ்

சனிக்கிழமை மாலை சரியாக ஐந்து மணி நாற்பது நிமிடம். அதுவரைக்கும் சங்கு என்றொரு மனிதர் இந்த உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. ஆறு மணிக்கெல்லாம், ஆவடியில் இவரைவிடப் பெரிய பைத்தியக்காரர் கிடையாது என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராகிவிட்டேன். எட்டு மணிக்கு அந்தச் சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன். பாதியை மட்டும்.

ஐந்து நாற்பதுக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டில் போன் அடித்தது. என் மகள் தேன்மொழியின் கணக்கு டியூஷன் மாஸ்டர்.

"மேடம், பாப்பாவுக்கு இப்போ தேவலையா?"

"யாருக்கு?"

"தேன்மொழிக்குத்தான். டைபாய்டுன்னு லெட்டர் குடுத்து அனுப்பியிருந்தீங்களே. ஆறு வாரம் ஆச்சே, பத்தாம் வகுப்பாச்சேன்னு கேட்டேன்."

ஆறு வாரமாகச் சனிக்கிழமை தவறாமல் மூன்றரை மணிக்குத் தலை வாரி, பை மாட்டி, "வரேம்மா" என்று கிளம்பிப் போனவள். டைபாய்டு கண்ட பெண் நேற்று ராத்திரி ஐந்து தோசை தின்றாள். அன்றைக்கும் மூன்றரைக்குப் போனவள்தான்.

போனை வைத்தேன். அந்தப் பயம் முழுசாகப் போய்விட்டது என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். குவார்ட்டர்ஸை விட்டு வேப்பம்பட்டுக்குக் குடிவந்தே இப்போது ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் சாயங்காலத்தில் போன் அடித்தால் கரண்டியோடு ஓடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். கண்ணை மூடிக்கொண்டு ஆப்பிரிக்காவின் வரைபடம் போடுவேன். பெற்ற பெண் ஆவடிக்குள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

கணவருக்கு டாங்கி ஃபேக்டரியில் செகண்ட் ஷிஃப்ட். கூப்பிட்டால் ஆள் கேட்டுக்கு வந்து சேருவதற்குள் விடிந்துவிடும். அவள் மேஜையைக் குடைந்தேன். ஜியாமெட்ரி பெட்டியில் காம்பஸ் இல்லை, ஓர் அட்டை இருந்தது. மார்க்கெட் பக்கத்தில் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் கடையின் விலாச அட்டை. பின்பக்கம் பென்சிலில் கொட்டை எழுத்தில்: 'சனி 4 மணி. லேட்டா வந்தா உத்தியில் சேர்க்க முடியாது. இப்படிக்கு, சங்கு.'

சங்கு! பெயரைப் பார்த்தாலே ரவுடி லிஸ்டில் முதல் ஆள் மாதிரி இருந்தது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். பாதி வழியில்தான் இரண்டும் வேறு வேறு ஜோடி என்று தெரிந்தது.

அரிசி மண்டிக்கு மேலே, மாடியில் இருந்தது கடை. ஆறு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன், ஒரு மின்விசிறி. நான் படியேறும்போது உள்ளேயிருந்து ஃபேக்டரிச் சங்கு ஊதியது. நிஜச் சங்கேதான் என்று நினைத்தேன். கீழே மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களும் அப்படியே நினைத்து, பொத்தென்று மூட்டையை இறக்கிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்கள்.

ஊதியது ஒரு மனிதரின் வாய். ஐம்பது தாண்டியவர். காக்கிச் சட்டை, பையில் மூன்று பேனா, காதுக்குப் பின்னால் ஒரு பென்சில். ஆட்டம் ஆரம்பிக்க ஒரு சங்கு, முடிய ஒரு சங்கு. ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஏதோ ஒரு மனுவை டைப் அடிக்க இந்தக் கடைக்கு வந்தவராம். பக்கத்து கம்ப்யூட்டரில் பையன்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தார். மனு இன்னும் டைப் அடிக்கப்படவில்லை.

"என் பொண்ணு தேன்மொழி எங்கே?" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காலேஜ் பையன்கள் மூன்று பேர், கழுத்தில் டை கட்டிய மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர், கடைக்காரர். யாருக்கும் தெரியவில்லை.

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே டீச்சரம்மா," என்றார் சங்கு. நான் டீச்சர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கத்திய தினுசில் தெரிந்துகொண்டிருப்பார்.

"இந்த அட்டை நீங்க எழுதினதுதானே?"

"நான்தான். ஆனா இங்க யாருக்கும் சொந்தப் பேரு கெடையாது. எல்லாம் ஆட்டப் பேரு. இவன் ஏழரை. அந்த டை கட்டினவரு ஜெனரேட்டரு. நான் சங்கு."

"சொந்தப் பேர் ஏன் இல்லை?"

"பேரச் சொன்னா ஊரக் கேப்பான். ஊரச் சொன்னா தெருவக் கேப்பான். தெருவும் தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் எவன் எவன்கூட சேந்து நிப்பான்?"

மகளைத் தேடி வந்தவளுக்கு அவர் நிதானமாக ஆட்டத்தை விளக்க ஆரம்பித்தார். அது கம்ப்யூட்டருக்குள் நடக்கிற ஆட்டம். இரண்டு கட்சி, இரண்டு கொடி. எதிரி கொடியைப் பிடுங்கி வர வேண்டும், நம் கொடியைக் காக்க வேண்டும். ஆவடிக் கடையில் சிலர், பூந்தமல்லிக் கடையில் சிலர். டெலிபோன் லைன் வழியாக எல்லோரும் ஒரே ஆட்டத்துக்குள். ஆவடி ஒரு கட்சி, பூந்தமல்லி ஒரு கட்சி என்று சங்கு விடமாட்டார். "ஊருக்கு ஊரு மோதினா அது சண்ட. கலந்துகட்டி ஆடினாத்தான் ஆட்டம்." அதற்காக அவர் கொண்டுவந்த ஏற்பாடுதான் உத்தி. தெருவில் கபடிக்கு ஆள் பிரிப்போமே, அதே உத்தி. சமமாக ஆடுகிற இரண்டு பேர், ஆவடியில் ஒருவர், பூந்தமல்லியில் ஒருவர், போனில் ரகசியமாகத் தங்களுக்குள் அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பேசி முடிக்கிறவரை சங்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். பிறகு இரண்டு கட்சித் தலைவர்களும், யாருடையது என்று தெரியாமலே ஆளுக்கொரு பெயரைச் சொல்லி ஆளை எடுப்பார்கள். அதற்கப்புறம்தான் போனை வைத்துவிட்டு கம்ப்யூட்டரை லைனில் மாட்டுவது. முகம் தெரியாது, பெயர் தெரியாது. ஆட்டம் முடிகிறவரை ஒருவர் உயிருக்கு ஒருவர் பொறுப்பு.

"ஃபேக்டரில மொத நாள் அப்படித்தான் டீச்சரம்மா கேங்கு போட்டாங்க. திருநெல்வேலிக்காரன், சேலத்துக்காரன், தருமபுரிக்காரன். எவனுக்கும் எவனையும் தெரியாது. மத்தியானம் சங்கு ஊதறதுக்குள்ள ஒருத்தன் டிபன்ல இன்னொருத்தன் கைய வெச்சிக்கினு இருந்தான்."

"சார், என் பொண்ணு!"

"சொல்றேன். பேரு வாணாம், இங்க நாலஞ்சு பொண்ணுங்க வந்துபோவுது. உங்க பொண்ணு பயந்தா இன்னா பண்ணும்? ஓடுமா, நிக்குமா?"

பதினைந்து வருஷம் வளர்த்திருக்கிறேன். அவளுக்கு எந்தச் சோப்பு ஒத்துக்கொள்ளாது, எந்தப் பாடத்தில் எத்தனை மார்க், எல்லாம் தெரியும். பயந்தால் என்ன செய்வாள்?

"சரி, பாதிச் சாப்பாட்டுல யாராச்சும் கூப்டா?"

"எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தட்டை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. எழுந்திருக்கவே மாட்டா."

சங்கு தொடையைத் தட்டினார். "அட, நம்ம புளியோதர! எல்லாப் பயலும் எதிரி கொடிக்கு ஓடுவான், அது ஒண்ணுதான் நம்ம கொடிகிட்டயே நிக்கும். எவனாச்சும் அடிபட்டு உழுந்தா அவன் பக்கத்துலயே நிக்கும். தங்கமான ஆளு!"

சனிக்கிழமை எங்கள் வீட்டில் புளியோதரை. அவள் அதைத் தொட மாட்டாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு அப்பா தட்டில் தள்ளிவிடுவாள். உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்க, அதைப் போய் வைத்துக்கொண்டிருக்கிறாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அந்தப் புளியோதரை இப்போ எங்கே?"

சங்கு பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். கேட் பாஸ் புத்தகம். ஆட்டத்தின் நடுவில் அவர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் இல்லாமல் யாரும் எழுந்து போக முடியாதாம். தண்ணீர் குடிக்கக்கூட. வெளியே போன நேரம், உள்ளே வந்த நேரம், காரணம், ஒப்பம். கிழித்துக் கொடுத்த சீட்டுகளின் அடிக்கட்டையைப் புரட்டினார். 'புளியோதரை. வெளியே: 4.35.' காரணம் இருந்த இடத்தைப் படித்தவர் முகம் மாறியது.

"இன்னா இப்படி எழுதி கீது!"

பிடுங்கிப் பார்த்தேன். தேன்மொழியின் உருண்டைக் கையெழுத்து. 'மிட்டாய் வரவில்லை. பூந்தமல்லிக்குப் போய் என்னவென்று பார்க்க.' கீழே சங்குவின் ஒப்பம், கம்பீரமாக.

"படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?"

"முப்பது வருசமா படிச்சதில்ல டீச்சரம்மா. காரணத்தப் படிச்சிக்கினு இருந்தா ஃபேக்டரி எப்படி நடக்கும்?"

மிட்டாய் யார்? பூந்தமல்லிக் கடையின் ஆள். எப்படி உத்தி பிரித்தாலும் அநேகமாகத் தேன்மொழியின் கட்சியிலேயே விழும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆட்டத்தின் பாதியில், கேட் பாஸ் இல்லாமல் காணாமல் போன ஆள்.

"ஆம்பளையா பொம்பளையா? வயசு என்ன?"

"தெரியாது. ஆனா வலது பக்கத்த நல்லாப் பாத்துக்கும்."

வலது பக்கத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஏதோ ஒரு அந்நியனைத் தேடி, என் பெண் தனியாகப் பஸ் ஏறியிருக்கிறாள். சங்கு பூந்தமல்லிக் கடைக்குப் போன் போட்டார். எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. "அங்க கம்ப்யூட்டரு பேசிக்கினு கீது. மனுசனுக்கு எடமில்ல," என்று போனை வைத்தார்.

"எல்லாரும் எழுந்திரிங்கடா. ஒரு கட்சி ஆவடி பஸ் ஸ்டாண்டு, ஸ்டேஷன். ஒரு கட்சி பூந்தமல்லி. உத்தி பிரி!"

"உத்தியா? இப்பவா?"

"அவசரத்துல பிரிச்சா வெவரமானவன்லாம் ஒரே பக்கம் பூடுவான். அப்புறம் ரெண்டு எடத்துலயும் வேல ஆவாது."

வாசகர்களே, சத்தியமாகச் சொல்கிறேன். என் மகள் காணாமல் போயிருந்தாள், ஏழரையும் ஜெனரேட்டரும் தோள் மேல் கைபோட்டுக்கொண்டு மூலைக்குப் போய்க் குசுகுசுத்துவிட்டு வந்து, "உத்தி உத்தி! ஒருத்தன் ரயிலு, ஒருத்தன் கப்பலு. எது வேணும்?" என்றார்கள். சங்கு ஒரு தலைவர், கடைக்காரர் ஒரு தலைவர். சங்கு தாடையைத் தடவினார்.

"ரயிலா... கப்பலா..."

"எதையாவது சொல்லித் தொலைங்களேன்!" என்று நான் அலறினேன்.

"கப்பலு!" என்றார் பயந்துபோய். ஜெனரேட்டர் டையைச் சரிசெய்துகொண்டு அவர் பக்கம் வந்தார். அடுத்த ஜோடியும் பிரிந்தது. நான் மட்டும் நடுவில் நின்றேன்.

"உங்களுக்கு ஜோடி இல்ல டீச்சரம்மா. ஒப்புக்குச் சப்பாணியா என் பக்கம் வந்துடுங்க."

இருபது வருஷ சர்வீஸ். பெற்ற தாய். ஒப்புக்குச் சப்பாணி.

கதவைச் சும்மா சாத்திவிட்டு எல்லோரும் பறந்தார்கள். நான் சங்குவின் மொபெட்டில் பின்னால். ஜெனரேட்டரும் ஒரு பையனும் ஸ்கூட்டரில். பருத்திப்பட்டு தாண்டும்போது தூறல் பிடித்தது. எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் கழுத்து ஒடிகிற மாதிரி திரும்பிப் பார்த்தேன். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி விசாரித்தார் சங்கு. ஒவ்வொரு இடத்திலும் பழக்கதோஷம், "புளியோதரை இங்க வந்துச்சா?" என்றார். ஒரு டீக்கடைக்காரர், கோயில் பிரசாதம் ஏழு மணிக்குத்தான் கொடுப்பார்கள் என்றார்.

"தேன்மொழின்னு கேளுங்க!" என்று முதுகில் குத்தினேன். நிஜமாகவே குத்தினேன். அவர் வண்டியை நேராகத்தான் ஓட்டினார்.

பூந்தமல்லிக் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நீங்கதான் சங்கு அண்ணாத்தேவா? குரல வெச்சு இன்னும் குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"மிட்டாய் யாரு?" என்றேன் நான்.

"நம்ம ஜமீலாக்கா. பின்னால தெருவுல தையக்காரங்க. வழுக்கி உழுந்து கை ஒடஞ்சு ஊட்டுல கீறாங்க. சாயங்காலம் ஒரு பொண்ணு தேடிக்கினு வந்துச்சு, ஊட்டக் காமிச்சேன்."

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். நான் நினைத்து வைத்திருந்த அந்நியனுக்கு மீசை இருந்தது.

"இப்ப ரெண்டு பேரும் எங்க?"

"அதான் தமாசு. லேட்டாவுதுன்னு சொல்லலாம்னு அந்தப் பொண்ணு எதிர் பூத்துலேருந்து உங்க கடைக்குப் போன் போட்டுச்சு. எடுக்கல. ஊட்டுக்குப் போட்டுச்சு. அங்கயும் எடுக்கல. 'கடையில அத்தன பேர் இருப்பாங்களே, ஒருத்தர்கூட எடுக்கலன்னா ஏதோ ஆயிடுச்சு'ன்னு பயந்துச்சு. ஜமீலாக்கா இந்த நேரத்துல தனியா அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. இப்பதான் ரெண்டு பேரும் உங்களப் பாக்க ஆவடி பஸ் ஏறினாங்க."

சங்கு நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார்.

"கொடிகிட்ட ஆள நிறுத்தலையே!"

எனக்குப் புரியவில்லை. அவர் சந்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"எப்பவும் ஒருத்தர் கொடிகிட்ட நிக்கணும் டீச்சரம்மா. நானே தொண்ட கிழியக் கத்துவேன். போன்கிட்ட ஒருத்தன நிறுத்தாம எல்லாரும் கெளம்பிட்டோம். இத்தினி நாளா நின்னது புளியோதர. அது இல்லாத அன்னிக்கு எவனுக்கும் தோணல. எனக்கே தோணல."

அந்த மனிதரைத் திட்ட நான் மனசுக்குள் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நாலு பக்கத்தையும் மனசுக்குள்ளேயே கிழித்துப் போட்டேன். என் வீட்டுப் போன் பக்கத்திலும் நான் யாரையும் நிறுத்திவிட்டு வரவில்லை.

திரும்பிப் போக மொபெட் கிளம்பவில்லை. சங்கு என்னை ஜெனரேட்டரின் ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டார். கூட வந்த பையன் பஸ்ஸுக்கு ஓடினான். "நீங்க போங்க, நான் தள்ளிக்கினு வரேன்," என்றார். மழையில், அத்தனை தூரம்.

ஏழரை மணிக்கு அரிசி மண்டிப் படியில் ஓடி ஏறினேன். வெறிச்சோடிய கடையில் டெலிபோன் பக்கத்தில், ரிசீவர் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள் தேன்மொழி. பக்கத்தில் பர்தா அணிந்த ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும், கையில் மாவுக்கட்டு, மடியில் என் பெண்ணின் பை.

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். கை எப்படியோ அவள் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஏண்டி இங்கே உட்கார்ந்திருக்கே? வீட்டுக்கு வரக் கூடாதா?"

"எல்லாரும் எங்கேயோ போயிட்டாங்கம்மா. யாராவது ஒருத்தர் இங்க இருக்கணும்ல?"

"டியூஷன்?"

தலை குனிந்தாள். "கணக்கு புரியலம்மா. சொன்னா திட்டுவே."

"அம்மாவா நீங்க?" என்று ஜமீலா இடையில் புகுந்தார். "மூணு வாரமா எங்க ஊட்டு ஆளுங்ககூட 'ஆட்டத்துக்குப் போலையா'ன்னு ஒரு வார்த்த கேக்கல. இது பஸ் ஏறி வந்து நிக்குது. தனியா வந்தது தப்புதான், நானும் திட்டிட்டேன். மீதிய ஊட்டுல போய் நீங்க திட்டுங்க. இப்ப வாணாம்."

ஏழரையும் கடைக்காரரும் வந்தார்கள். ஜெனரேட்டர் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். சங்கு மட்டும் வரவில்லை. தேன்மொழி மாடிப்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். அப்போதுதான் பார்த்தேன்: பயந்தால் என் பெண் ஓடுவதில்லை. நிற்பதுமில்லை. இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறாள். அச்சு அசலாக என்னைப் போல.

எட்டு மணிக்குக் கீழே ஒரு வாழைத்தார் டெம்போ நின்றது. மொபெட் இறங்கியது, பின்னாலேயே சங்கு இறங்கினார். தொப்பலாக நனைந்து, காதில் பென்சில் மட்டும் அசையாமல், படியேறி வந்தார். தேன்மொழியைப் பார்த்தார். மாவுக்கட்டைப் பார்த்தார்.

"மிட்டாய்?"

"சலாம், சங்கு அண்ணே."

"கேட் பாஸ் இல்லாம பூட்டியேம்மா," என்றார்.

பிறகு பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்து, 'உள்ளே: 8.05' என்று எழுதி, பேனாவை என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போடப் போனேன். கட்டை விரலால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டார்.

"மொதல்ல காரணத்தப் படிங்க டீச்சரம்மா. நான் படிக்காம போட்டுட்டேன்."

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அப்புறம்தான் போட்டேன். அவர் அந்தத் தாளைக் கிழித்து என்னிடமே கொடுத்தார். இன்றைக்கும் அது என் கைப்பையில் இருக்கிறது; மழையில் சுருண்ட ஓரம் இன்னும் நிமிரவில்லை. நிமிர்த்தவும் மனசில்லை.

அன்றைக்கு அவர் வாயால் சங்கு ஊதப் பார்த்தார். தும்மல்தான் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கையெழுத்து போட்டீங்கல்ல? இனிமே நீங்க ஒப்புக்குச் சப்பாணி இல்ல. நம்ம ஆளு."